செக்காலை வீட்டு நாலாவது பூட்டு

அன்றைக்குக் காரைக்குடிச் செக்காலை வீட்டு முகப்பில் இருந்தவர்கள் ஆறு பேர். வீட்டை விற்க வந்த அண்ணன் தம்பி, அண்ணாமலையும் சொக்கலிங்கமும். வாங்க வந்த ஆரோக்கியசாமி வாத்தியாரும் அவர் மனைவி லூர்துமேரி டீச்சரும். வாங்குகிறவர்களுக்காக வந்த எங்கள் வக்கீல் மாணிக்கவாசகம். அவருக்குப் பின்னால் பத்திரக் கட்டைத் தூக்கிக்கொண்டு குமாஸ்தாவாகிய நான். வராதவர் ஒருவர். அவர் வரவில்லை என்பதே எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, வக்கீலைத் தவிர.

இதை இப்போது எழுதக் காரணம், கோர்ட்டு வாசல் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொள்ளும் இளம் வக்கீல்கள். "வில்லங்கச் சான்று இப்ப போன்லயே வந்துருது ஐயா. உங்க காலத்துல என்னதான் பண்ணுனீக?" என்று கேட்கிறார்கள். நல்ல காரியம்தான், ரிஜிஸ்தர் ஆபீசுக்கு நடக்கிற கால்வலி மிச்சம். ஆனால் அந்தச் சான்று, பதிந்ததை மட்டும்தான் சொல்லும். பதியாமல் ஒரு வீட்டுக்குள் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், எனக்குச் செக்காலை வீடுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

நான் திருக்கோஷ்டியூருக்குப் பக்கத்துக் கிராமம். மானாவாரி நிலமும் ஆடும் உள்ள வீடு. எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். பள்ளிக்கூடம் முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்து, அறுபதுகளின் நடுவில் காரைக்குடிக்கு வந்து மாணிக்கவாசகம் ஐயாவிடம் சேர்ந்தேன். கொஞ்ச காலம் நகல் எழுதினேன். பிறகு ரிஜிஸ்தர் ஆபீசில் உட்கார்ந்து தேடப் பழகினேன். படித்த காலம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவர் பின்னாலேயே நடந்து பார்த்தது.

அவருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை. வெயில் இல்லாவிட்டாலும் குடை வேண்டும். காரணம் நாய். கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல் எத்தனை சத்தம் போட்டாலும் அசையாத மனிதர், தெருவில் ஒரு குட்டிநாய் வாலை ஆட்டினால் குடையை விரித்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் வந்துவிடுவார். "தம்பி, நீங்க முன்னால போங்க. நான் சொத்தைப் பாக்க வந்தவன், நாயைப் பாக்க வந்தவன் இல்ல" என்பார். அந்தத் 'தம்பி, நீங்க'வை நான் கவனித்தேன். எங்கள் அப்பாவை ஊரில் ஒருவர் 'நீங்க' என்று சொல்லி நான் கேட்டதில்லை. இவரோ, எங்கள் அப்பா ஆபீசுக்கு வந்த அன்றைக்கு எழுந்து நின்று, "வாங்க, உக்காருங்க" என்றார். அந்த ஒன்றுக்காகவே அவருக்குக் காலம் பூராவும் உழைக்கலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

சொத்து வாங்க ஆள் வந்தால், முதலில் காகிதம். தாய்ப்பத்திரம், முப்பது வருஷத்து வில்லங்கம், வரி ரசீது எல்லாம் மேஜைக்கு வரும். அதில் குறை இல்லை என்றால் மற்ற வக்கீல்கள் கிரயப் பத்திரத்தை எழுதிவிடுவார்கள். இவர் அதற்கப்புறம்தான் வேலையை ஆரம்பிப்பார். இடத்துக்குப் போய், நாலு பக்கத்து எல்லைக்காரர்களிடமும் வெறுமனே பேசிக்கொண்டிருப்பார். திருப்பத்தூர் பக்கம் ஒரு வயல் வாங்கும்போது, மேற்கெல்லைக்காரர் மாட்டைக் கட்டிக்கொண்டே, "வாங்கட்டும், நல்லாருக்கட்டும். எங்க தண்ணி முறையில மட்டும் கை வைக்க வேணாம்" என்றார். எந்தப் பத்திரத்திலும் இல்லாத தண்ணீர் முறை அது. அதையும் எழுதித்தான் கிரயம் முடிந்தது. இன்றைக்கும் அந்த வயலில் சண்டை இல்லை.

அவரிடம் இன்னும் இரண்டு பழக்கங்கள் உண்டு. முத்திரைத்தாள் வாங்குவதற்கு முன்னால், கிரயப் பத்திரத்தின் முதல் நகலை அந்த வீட்டிலேயே வைத்து எல்லாருக்கும் கேட்க வாசிக்கச் சொல்வார். வாசிப்பதற்கு முன், "இங்க வராதவக யாரு?" என்று ஒரு கேள்வி கேட்பார். மற்றது, பதிவு முடியும்வரை விற்கிறவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ஒரு வாய் காப்பி உள்ளே போய்விட்டால் ஒரு கேள்வி வெளியே வராது என்பது அவர் கணக்கு.

நான் சேர்ந்து ஆறேழு வருஷத்தில் வந்த செக்காலை வீடு பெரிய மாளிகை இல்லை. முகப்பு, அதைத் தாண்டினால் நடுவில் வானம் தெரிகிற வளவு, வளவைச் சுற்றி நாலு அறை, பின்கட்டு, கிணறு. வாத்தியாருக்கும் டீச்சருக்கும் அது போதும். டீச்சர் தன் பிறந்த ஊர் நிலத்தை விற்று, கழுத்திலிருந்ததையும் கழற்றி முன்பணம் கொடுத்திருந்தார். வாடகை வீட்டுக்காரருக்கு மகன் கல்யாணம். ஆவணிக்குள் காலி செய்ய வேண்டும். மூன்று பிள்ளைகள். இந்த வீடு கைவிட்டுப் போனால் நிலமும் இல்லை, நகையும் இல்லை, குடியிருக்க இடமும் இல்லை என்கிற நிலை.

காகிதத்தில் குறை ஒன்றும் இல்லை. வில்லங்கம் சுத்தம். வரி இரண்டு சகோதரர் பேரிலும் இருந்தது. நகலை எடுத்துக்கொண்டு போனோம்.

"வாசிக்கிறதுக்கு முன்னாடி வீட்டை ஒரு சுத்து பாத்துருவோம்" என்றார் வக்கீல்.

வளவில் இடதுபக்கம் இரண்டு அறை பெரியவர் அண்ணாமலையுடையது. திறந்து காட்டினார். வலதுபக்கம் முதல் அறை சின்னவர் சொக்கலிங்கத்துடையது. அதையும் திறந்தார்கள். நாலாவது கதவில் ஒரு திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு, எண்ணெய் கறுத்துத் தொங்கியது. சாவியை யாரும் நீட்டவில்லை.

"இது?" என்றார் வக்கீல்.

"தம்பியோடது" என்றார் அண்ணாமலை.

சின்னவர் திடுக்கிட்டார். "என்னோடதா? அண்ணே, உங்களோடதுன்னுல்ல நான் நினைச்சுக்கிட்டிருக்கேன்!"

"நான் ஈப்போவுலேருந்து வந்தப்பவே பூட்டிக் கிடந்துச்சே. நீ சாமான் போட்டு வச்சிருக்கேன்னு நான் இருந்துட்டேன்."

"நீங்க வச்சிருக்கீகன்னு நான் இருந்துட்டேன்."

லூர்துமேரி டீச்சருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, "இத்தனை வருஷமா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றார்.

அண்ணாமலைக்கு முகம் வாடிவிட்டது. "பங்காளி பூட்டைப் பத்திக் கேக்குறதா டீச்சர்? உள்ள என்ன வச்சிருக்கேன்னு கேட்ட மாதிரி ஆயிராதா?"

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. செட்டிநாட்டு வீடுகளில் ஒரே கூரையின் கீழ் பல பங்கு இருக்கும். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு பூட்டு. ஆட்கள் பர்மாவிலும் மலாயாவிலும் இருப்பார்கள், பூட்டு இங்கே இருக்கும். அடுத்தவர் பூட்டைத் தொடாமல், கேட்காமல், பார்த்தும் பார்க்காதது மாதிரி கடந்து போவதுதான் மரியாதை. அந்த மரியாதையால் அண்ணனும் தம்பியும் ஒரு பூட்டை வருஷக்கணக்காக ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

வக்கீல் சிரிக்கவில்லை. வளவில் நின்றபடியே கேட்டார். "இங்க வராதவக யாரு?"

"எல்லாரும் வந்தாச்சு."

"கூடப் பொறந்தவக?"

"நாங்க ரெண்டு பேருதான்."

"பொண்ணு?"

"ஒரு அக்கா இருக்காக, உமையாள். கீழச்சிவல்பட்டியில குடுத்தது" என்றார் சின்னவர். "அவுகளுக்குத்தான் சீரெல்லாம் செஞ்சு அனுப்பியாச்சே."

"வீடு யாரு கட்டுனது?"

"அப்பச்சிதான். அவுக சொந்தச் சம்பாத்தியம்."

"அப்பச்சி எப்பத் தவறுனாக? உயில் ஏதும்?"

"அறுபத்திரண்டுல. ஆத்தா அதுக்கு முன்னாடியே போயிட்டாக. உயிலெல்லாம் இல்ல. நாங்க அப்ப ஈப்போவுல இருந்தோம்."

வக்கீல் என் கையிலிருந்த நகலை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். ஐம்பத்தாறாம் வருஷ இந்து வாரிசுச் சட்டத்துக்குப் பிறகு, அப்பா சொந்தமாகச் சம்பாதித்த வீட்டில், உயில் இல்லாவிட்டால் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. சட்டம் வந்து அத்தனை வருஷம் ஆகியும் ஊரில் யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அண்ணன் தம்பி ஏமாற்ற நினைக்கவில்லை. சீர் போனால் பங்கு போனது என்று மனதார நம்பினார்கள்.

"பூட்டை உடைச்சுப் பாத்துருவோமா?" என்றார் சின்னவர்.

"பூட்டை உடைச்ச வீட்டை இவுகளுக்கு நான் வாங்கித் தர மாட்டேன்."

"அப்ப ஒண்ணு செய்வோம். அக்காளைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லிருவோம். அவுகளே சாட்சி போட்டுட்டா, நாளைக்கு யாரு பேச முடியும்?"

அப்போது பலரும் அப்படித்தான் செய்தார்கள். பங்கு கேட்கக்கூடியவரைச் சாட்சியாக்கிவிட்டால் வாயை அடைத்த மாதிரி. வாத்தியாருக்கும் அதில் ஆசை வந்துவிட்டது. வாசலுக்கு வந்ததும் வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, ஆவணிக்கு இன்னும் எத்தனை நாளிருக்கு? முன்பணத்தைச் சின்னவரு மதராஸ் கடையில போட்டுட்டாராம். திருப்பிக் கேட்டாலும் வராது. சாட்சி போதும்னா விட்டுருங்களேன்."

"சாட்சி போட்டவக பாத்தவக சார். வித்தவக இல்ல" என்றார் வக்கீல். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "உங்க பணம் சார். நீங்க சொன்னா எழுதிருவேன். ஆனா இந்த வீட்டுல நீங்க நிம்மதியாத் தூங்கணும்னு எனக்கு ஆசை."

வாத்தியார் டீச்சரைப் பார்த்தார். டீச்சர், "கீழச்சிவல்பட்டிக்கு எப்ப போகணும்? நானும் வாரேன்" என்றார்.

மறுநாளே வக்கீலும் டீச்சரும் நானும் பஸ் ஏறினோம். உமையாள் ஆச்சி வீட்டு வாசலில் முதலில் எங்களை வரவேற்றது ஒரு செவலை நாய். வக்கீல் குடையை விரித்துவிட்டார். உள்ளேயிருந்து உயரமான ஓர் அம்மா, ஐம்பது வயதிருக்கும், வந்து நாயைப் பிடித்துக் கட்டினார்.

"நாய்க்குப் பயப்படுற வக்கீலா? எங்க தம்பிமாருக்கு நல்ல ஆளாத்தான் கிடைச்சிருக்கு."

"நான் தம்பிமாருக்கு வக்கீல் இல்ல ஆச்சி. வாங்குறவகளுக்கு. இந்தா, இந்த டீச்சருதான்."

"அப்படியா, உள்ள வாங்க. சின்னவன் நேத்தே ஆள் விட்டிருந்தான், சாட்சிக் கையெழுத்துப் போடணுமாம்." உட்காரச் சொல்லிவிட்டு ஆச்சி நின்றுகொண்டே பேசினார். "எங்க அப்பச்சி வீட்டுக்கு நான் சாட்சியா? அப்பச்சி படுக்கையில கிடந்தப்ப இவுக ரெண்டு பேரும் கடலுக்கு அங்குட்டு. நான்தான் இங்கேருந்து போயி அந்தக் கடைசி ரூமுல இருந்து பாத்தேன். எல்லாம் முடிஞ்சு வரும்போது ரூமைப் பூட்டிட்டு வந்தேன். திறன்னு யாரும் கேக்கலை. கேட்டா சாவியைக் குடுத்திருப்பேன்."

பேசிக்கொண்டே மூன்று டம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்தார். டீச்சரும் நானும் எடுத்துக்கொண்டோம். வக்கீல் கும்பிட்டார்.

"மன்னிக்கணும் ஆச்சி. பதிவு முடியிற வரைக்கும் விக்கிறவக வீட்டுல நான் கை நனைக்கிறதில்ல."

"எங்க வீட்டுல குடிச்சா என்ன? விக்கிறவக அவனுக ரெண்டு பேருதான?"

"மூணு பேரு ஆச்சி. மூணுல ஒரு பங்கு உங்களோடது. நீங்க விக்கலைன்னா அந்த வீடு விக்காது."

ஆச்சி அந்த டம்ளரை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். "அப்ப நீங்க குடிக்க வேணாம்" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது உதட்டில் தெரிந்தது. அப்பா இறந்து அத்தனை வருஷத்தில், அந்த வீடு உன்னுடையதும்தான் என்று அவரிடம் சொன்ன முதல் ஆள், நாய்க்குப் பயந்த இந்த அந்நியர்.

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஆச்சி, ஆவணிக்குள்ள எங்களுக்கு வீடு வேணும். ஆனா உங்களுக்கு மனசில்லாம எங்களுக்கு வேணாம்."

"முன்பணம் குடுத்துட்டீகளா?"

"குடுத்துட்டோம்."

"யாருகிட்ட? சின்னவன்கிட்டயா?" டீச்சர் தலையாட்டியதும் ஆச்சி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அப்ப அது மதராஸ் போய்ச் சேந்திருக்கும். வெள்ளிக்கிழமை வாரேன். விக்கிறதா இல்லையான்னு அந்த வீட்டுல நின்னுதான் சொல்வேன்."

வெள்ளிக்கிழமை வரை வாத்தியார் எங்கள் ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார். சின்னவர் ஒருமுறை வந்து சத்தம் போட்டார். "கட்டிக் குடுத்த பொண்ணைத் தேடிப் போயி பங்கு இருக்குன்னு சொல்லிக் குடுத்திருக்கீகளே! உங்களை யாரு கேட்டா?" வக்கீல் அவரை முழுக்கப் பேசவிட்டு, "காப்பி சாப்பிடுறீகளா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்தப் பொறுமையை நான் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை.

ஆச்சி சொன்னபடி வந்தார். தம்பிகள் இருவரும் முகப்பில் நின்றார்கள். ஆச்சி அவர்களைத் தாண்டி வளவுக்குள் நேராக நடந்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நாலாவது பூட்டைத் திறந்தார். சின்னவர் எட்டிப் பார்த்தார். வெள்ளிப் பாத்திரமோ அரக்குப் பூசிய மரவைச் சாமானோ இருக்கும் என்று நினைத்திருப்பார். ஒரு கயிற்றுக் கட்டில், சுவரோரம் சுருட்டி வைத்த பாய். வேறொன்றும் இல்லை.

"காலி ரூமையா இத்தனை வருஷம் பூட்டி வச்சிருந்தீக?" என்றார் சின்னவர்.

"இங்குட்டு வந்தா தங்க எனக்கு ஒரு எடம் வேணாமா?" என்றார் ஆச்சி. "நீங்க கூப்பிடுவீகன்னு நினைச்சேன்."

அண்ணாமலை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டிலையே பார்த்தார். பிறகு முகப்புக்குப் போய்விட்டார். அவர் இனி வரமாட்டார், கிரயம் முறிந்தது என்றே நினைத்தேன். வாத்தியார் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். கொஞ்சம் கழித்து அண்ணாமலை திரும்பி வந்தார், கண் சிவந்திருந்தது.

"வக்கீலய்யா, நகலை மாத்தி எழுதுங்க. விக்கிறவக பேருல அக்கா பேரு முதல்ல வரட்டும்."

"முதல்லயா?" என்றார் சின்னவர்.

"மூத்தவக யாருடா? நீயா?"

ஆச்சி கட்டிலில் உட்கார்ந்தார். "எழுதுங்க" என்றார். "என் பங்கு என் கைக்கு வரணும். தம்பிகளுக்கு விட்டுக்குடுத்தேன்னு எல்லாம் எழுத வேணாம்."

வளவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து நான் எழுதினேன். அப்பா பேரைப் போட்டு, 'காலஞ்சென்ற அன்னாரின் மக்களில் மூத்தவர் உமையாள்' என்று முதல் வரியில் ஆச்சி பேரை எழுதும்போது, கையெழுத்து அழகாக வரவேண்டுமே என்று எனக்குக் கவலையாக இருந்தது. நான் வாசித்தேன், மூன்று பேரும் தலையாட்டினார்கள். ஆவணி பிறப்பதற்கு முன் பதிவு முடிந்தது. ரிஜிஸ்திரார் "சம்மதமா?" என்று கேட்டதற்கு, தம்பிகள் "சரி" என்று முணுமுணுத்தார்கள். ஆச்சி மட்டும் "சம்மதம்" என்று வராந்தா வரை கேட்கச் சொன்னார். வெளியே வந்ததும் வக்கீல், "ஆச்சி, இப்ப அந்த மோரைக் குடுத்தா குடிப்பேன்" என்றார். "இனி நான் விக்கிறவ இல்லை, எதுக்குக் குடுக்கணும்?" என்றார் ஆச்சி.

அந்தப் பூட்டுக்குப் பிறகு, ஓய்வுபெறும் நாள்வரை நான் எந்த வீட்டுக்குப் போனாலும் பூட்டுகளைப் பார்ப்பேன், ஒவ்வொன்றும் யாருடையது என்று கேட்பேன். சிலர் கோபித்துக்கொண்டார்கள். மாணிக்கவாசகம் ஐயா பார்த்துக்கொடுத்த வீட்டை வாங்கியவர் எவரும் பிறகு அதற்காகக் கோர்ட்டுப் படி ஏறி நான் பார்க்கவில்லை. இளம் வக்கீல்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். போனில் பாருங்கள். பார்த்துவிட்டு, ஒருமுறை போய்க் கேளுங்கள், வராதவர் யார் என்று.

சாவி கைமாறிய காட்சியைச் சொல்லி முடிக்கிறேன். பதிவு முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தோம். தம்பிகள் தங்கள் பூட்டுகளைச் சாவியோடு வாத்தியாரிடம் கொடுத்தார்கள். ஆச்சி மட்டும் நாலாவது பூட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அது இருக்கட்டுமே ஆச்சி" என்றார் டீச்சர். "நீங்க எப்ப வந்தாலும் இந்த ரூமுல தங்கலாம்."

"வித்த வீட்டுல எனக்கென்ன ரூம்? பிள்ளைகளைப் படுக்கப் போடுங்க." பூட்டைத் தூக்கிக் காட்டினார். "வக்கீலய்யா, பத்திரத்துல கதவு, நிலை, சன்னல், கிணறு எல்லாம் எழுதியிருக்கீகளே, பூட்டு எழுதியிருக்கா?"

வக்கீல் நிஜமாகவே பத்திர நகலை வாங்கி, சொத்து விவரத்தை விரல் வைத்துப் பார்த்தார். "இல்ல ஆச்சி. நீங்க சொல்றது சரி."

"அப்ப இது தனிக் கிரயம். அஞ்சு ரூவா."

"பழைய பூட்டுக்கு அஞ்சு ரூவாயா ஆச்சி?" என்றார் வாத்தியார். அந்த மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"சும்மா குடுத்தா அது என்னோடதா இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? குடுங்க."

டீச்சர் மணிபர்ஸைத் திறந்தார். ஆச்சி நோட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, பூட்டையும் சாவியையும் டீச்சர் கையில் வைத்தார். அந்த வீட்டு வில்லங்கம் தீர, பேசிய கிரயத்துக்கு மேல் வாத்தியார் குடும்பத்துக்கு ஆன செலவு ஐந்து ரூபாய்.